வானிலைச் செயற்கைக்கோள் படம்: பழவேற்காட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ரீசார்ஜும் ஜெராக்ஸும் பார்க்கிற சின்னக் கடை என்னுடையது. ஐப்பசி பிறந்துவிட்டால் ரீசார்ஜுக்கு வருகிறவர்களைவிட, போனை நீட்டி "இதுல நம்ம ஊரு எங்கப்பா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். ஏரியைத் தாண்டினால் ஆந்திரா. அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்பினால் கடை ஷட்டர் அதிரும். அதில் ஏறிப் போனவைதான் நம் போனுக்குப் படம் அனுப்புகின்றன என்பது பலருக்குத் தெரியாது. வருஷா வருஷம் ஒரே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்துவிட்டேன்.

"இது நிஜமாவே மேலருந்து எடுத்த ஃபோட்டோவா, கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா?"

இரண்டும்தான். 'விசிபிள்' என்று போட்டிருந்தால் அது சூரிய வெளிச்சத்தில் எடுத்த படம். நம் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படி இருக்கும். பொழுது சாய்ந்தால் கறுத்துவிடும். 'ஐஆர்' என்று போட்டிருந்தால் அகச்சிவப்பு. அது வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, சூட்டை அளக்கிறது. அதனால் ராத்திரியிலும் வரும். டிவியில் பெரும்பாலும் காட்டுவது இதைத்தான்.

ஐஆர் படத்தில் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு வெள்ளையாகத் தெரியும். வண்ணம் சேர்த்த படங்களில் அந்தக் குளிர்ந்த உச்சிக்குச் சிவப்பு பூசியிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு "கடல்ல அனல் அடிக்குது போல" என்று ஒரு பெரியவர் சொன்னார். நேர் எதிர். அந்தச் சிவப்பு இருக்கிற இடத்தில் மேகத்தின் தலை மைனஸ் 60, 70 டிகிரியில் இருக்கும். மாநில எல்லைக்கோடு, கடற்கரைக்கோடு எல்லாம் கம்ப்யூட்டர் போட்டது.

"அது ஒரே எடத்துல நிக்குதாமே, கீழ விழாதா?"

நிற்கவில்லை, சுற்றுகிறது. பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஒரு நாள் ஆகும். பூமியும் அதே வேகத்தில் திரும்புவதால் நமக்கு நிற்கிற மாதிரி தெரிகிறது. ராட்டினத்தில் எதிர்ப்பெட்டியில் உட்கார்ந்தவன் எப்போதும் எதிரிலேயே இருப்பான் இல்லையா, அது போல.

"நம்ம கண்ணு முன்னாடி விட்டதுல எதெல்லாம் வானிலைக்கு?"

2002 செப்டம்பர் 12-ல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஏற்றிப் போன மெட்சாட்தான் வானிலைக்கென்றே செய்த முதல் இந்தியச் செயற்கைக்கோள். அடுத்த ஆண்டு கல்பனா சாவ்லா இறந்த பிறகு அதற்குக் கல்பனா-1 என்று பெயர் மாற்றினார்கள். 2013-ல் இன்சாட்-3டி போனது, ஆனால் நம் பக்கத்திலிருந்து இல்லை, தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து. 2016 செப்டம்பர் 8-ல் இன்சாட்-3டிஆர் இங்கிருந்து ஏறியது. அதே மாதம் 26-ல், கடல் காற்றை அளக்கும் ஸ்காட்சாட்-1.

2024 பிப்ரவரி 17, சனிக்கிழமை சாயங்காலம் 5.35-க்குப் போனது இன்சாட்-3டிஎஸ். அதை ஏற்றிப் போன ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் அடிக்கடி மக்கர் பண்ணியதால் அதற்குக் 'குறும்புக்காரப் பையன்' என்று பட்டப்பெயரே உண்டு. அன்று ஒழுங்காக வேலை செய்தது. செயற்கைக்கோள் 2,274 கிலோ எடை, செலவு முழுக்கப் புவி அறிவியல் அமைச்சகத்துடையது. 3டிஆர், 3டிஎஸ் ஒவ்வொன்றும் அரை மணிக்கு ஒரு முறை படம் எடுக்கும். நேரத்தை மாற்றி மாற்றி வைத்திருப்பதால் நமக்குக் கால் மணிக்கு ஒரு படம் கிடைக்கிறது.

எல்லாமே நல்லபடி போகவில்லை. 2021 ஆகஸ்ட் 12 விடியற்காலையில் விட்ட ஈ.ஓ.எஸ்.-03-ம் அதே உயரத்தில் இருந்து நாட்டைப் பார்க்க வேண்டியது. ராக்கெட்டின் கிரையோஜெனிக் அடுக்கு, அதாவது மிகக் குளிர்ந்த எரிபொருளில் ஓடும் மேல் அடுக்கு, எரியாமல் போனது. ராக்கெட் விடுகிறார்கள் என்று அன்றும் நம் ஆட்கள் கடலுக்குப் போகாமல் கரையில்தான் இருந்தார்கள்.

"படத்துல நம்ம ஊரு மேல பூரா வெள்ளை. வெளிய பாத்தா வெயில் கொளுத்துது. என்னப்பா இது?"

என் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. செயற்கைக்கோள் பார்ப்பது மேகத்தின் தலையை, அடியை இல்லை. முதல் பதிலில் சொன்னது போல ஐஆர் படத்துக்குத் தெரிந்ததெல்லாம் குளிர்தான். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மெல்லிய சல்லாத்துணி மாதிரி பரவியிருக்கிற பனித்துகள் மேகமும் குளிர்ந்துதான் இருக்கும். படத்தில் வெள்ளையாகத் தெரியும், ஆனால் ஒரு சொட்டு விழாது.

நடுக்கடலில் ஒரு பெரிய இடிமேகம் கிளம்பினால் அதன் உச்சி கொல்லன் பட்டறைக் கல் மாதிரி தட்டையாகி, மேல்காற்றில் நூறு, இருநூறு கி.மீ. இழுபடும். மழை அந்தத் தண்டுக்கு அடியில்தான். நம் தலைக்கு மேல் இருப்பது அதன் வால்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பகலாக இருந்தால் அதே நேரத்து விசிபிள் படத்தையும் திறந்து பக்கத்தில் வையுங்கள். ஐஆரில் பளிச்சென்று வெள்ளை, விசிபிளில் கீழே கரை தெரிகிற அளவுக்கு மங்கல் என்றால் அது வெறும் மேல்மேகம். இரண்டிலும் கெட்டியான வெள்ளை, ஓரம் கத்தரித்த மாதிரி இருந்தால் வலையை மூடி வையுங்கள். அப்புறம் ஒற்றைப் படத்தைப் பார்க்காதீர்கள். நாலைந்து படத்தை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் வளர்கிறதா கரைகிறதா என்பது தெரிந்துவிடும்.

"இது தலைகீழா நடக்குதே. படத்துல ஒண்ணுமில்ல, இங்க கொட்டுது?"

வடகிழக்குப் பருவத்தில் இது சகஜம். கொண்டல் என்கிற கீழ்க்காற்றோடு கடலிலிருந்து வரும் மேகங்களில் பல உயரம் குறைவானவை. உச்சி அவ்வளவாகக் குளிராததால் ஐஆரில் சாம்பல் நிறமாக, சில சமயம் கடலோடு கடலாகத் தெரியும். ஆனால் கரையைத் தொட்டதும் அரை மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டுப் போகும்.

இன்னொன்று, ஐஆர் படத்தின் ஒரு புள்ளி 4 கி.மீ.க்கு 4 கி.மீ. நம் ஊர், லைட்ஹவுஸ் குப்பம், முகத்துவாரம் எல்லாம் ஒன்றிரண்டு புள்ளிக்குள் அடங்கிவிடும். தெருவுக்குத் தெரு மாறுகிற மழையை அதில் தேட முடியாது.

"ராத்திரி எட்டு மணிக்கு எடுத்ததுன்னு அனுப்புறாங்க, அதுல 1430-ன்னு போட்டிருக்கு. பழசா?"

பழசு இல்லை. ஓரத்தில் இருக்கும் நேரம் உலகப் பொது நேரம், 'யூடிசி' அல்லது 'இசட்' என்று குறித்திருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் நம் நேரம். 1430 என்றால் இரவு 8 மணி. 0000 என்றால் விடியற்காலை 5.30. 1830-ஐத் தாண்டிவிட்டால் நமக்குத் தேதியே மாறிவிடும், அங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

"புயல் கண்ணு தெரியற மாதிரி ஒரு படம் குரூப்புல வந்துச்சே, அது உண்மையா?"

படம் உண்மையாக இருக்கும், தேதியும் இடமும் உண்மையாக இருக்காது. அட்லாண்டிக்கில் என்றைக்கோ அடித்த சூறாவளியை வங்கக்கடல் என்று சுற்றில் விடுவார்கள். 2023 டிசம்பரில் அப்படி ஒன்றை நானே மூன்று குரூப்பில் போட்டுவிட்டு, பக்கத்துக் கடை அக்கா "இதுல இலங்கையே காணோமே தம்பி" என்று சொன்ன பிறகு அழித்தேன்.

அதிலிருந்து நான் பார்ப்பது மூன்று: ஓரத்தில் செயற்கைக்கோள் பெயர், தேதி, யூடிசி நேரம். மூன்றையும் கத்தரித்துவிட்டு வருகிற படத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. நம் கரைக்கு வரும் புயல்களில் பலவற்றுக்குக் கண்ணே தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள். கண் தெளிவாகத் திறப்பது பெரும்பாலும் மிகக் கடுமையான புயல்களில்தான்.

"ரேடார் படமும் இதுவும் ஒண்ணுதானே?"

இல்லை. ரேடார் தரையில் நிற்கிறது. ரேடியோ அலையை அனுப்பி, மழைத்துளியில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கிறது. அதாவது மேகத்தின் வயிற்றைப் பார்க்கிறது. சென்னைத் துறைமுகத்தில் 2002-ல் வைத்த டாப்ளர் ரேடார் இருக்கிறது, ஸ்ரீஹரிகோட்டாவில் ஒன்று இருக்கிறது. நமக்கு இரண்டு பக்கமும் ரேடார், அந்த வகையில் கொடுத்து வைத்தவர்கள்.

ஆனால் ரேடாருக்கு எட்டும் தூரம் கம்மி, நல்ல விவரம் 250 கி.மீ. வரைதான். அந்தமானுக்குப் பக்கத்தில் உருவாகிற தாழ்வுப்பகுதியை அது பார்க்காது. என் வழக்கம் இது: இன்னும் மூன்று நாளில் என்ன என்றால் செயற்கைக்கோளும் முன்னறிவிப்பும், இன்னும் மூன்று மணி நேரத்தில் என்ன என்றால் ரேடார்.

"காத்து கண்ணுக்கே தெரியாது. அம்மாம் ஒசரத்துலருந்து எப்படி வேகம் சொல்றாங்க?"

ஏரியில் காற்று அடிக்கும்போது தண்ணீரின் முகம் சிலிர்த்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிலிர்ப்பைத்தான் அளக்கிறார்கள். ஸ்காட்டரோமீட்டர் என்ற கருவி மேலிருந்து கடல்மேல் ரேடார் அலையை அடிக்கும். கடல் வழவழப்பாக இருந்தால் அலை வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், சிலிர்த்திருந்தால் திரும்பி வரும். திரும்புகிற அளவையும் திசையையும் வைத்து காற்றின் வேகம், அது எந்தத் திசைக் காற்று, வாடையா கொண்டலா கச்சானா என்பது வரை கணக்குப் போட்டுவிடுகிறார்கள். 2022 நவம்பர் 26-ல் இங்கிருந்து போன ஓஷன்சாட்-3-ல் இந்தக் கருவி இருக்கிறது. இது 36,000 கி.மீ.யில் நிற்கிற ரகம் கிடையாது, தாழ்வாகத் துருவத்துக்குத் துருவம் ஓடுகிறது. அதனால் எப்போதும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்காது.

புயல் உருவான பிறகு இன்னொரு கணக்கு. மேகச்சுருள் எவ்வளவு சுற்றியிருக்கிறது, நடுப்பகுதி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து 'டி' எண் கொடுப்பார்கள். 1970-களில் வெர்னன் டுவோராக் என்ற அமெரிக்கர் கொண்டு வந்த முறை, இன்றும் ஓடுகிறது. டி 1.5 என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 2.0 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 2.5 வந்துவிட்டால் புயல், அதாவது மணிக்கு 62 கி.மீ.யும் அதற்கு மேலும். பெயர் வைப்பது அப்போதுதான்.

"மீனு எங்க இருக்குன்னு சாட்டிலைட்டு சொல்லுமாமே, அப்ப எங்களுக்கு என்ன வேலை?"

மீனை அது பார்ப்பதில்லை. கடலின் நிறத்தையும் மேல்தண்ணீரின் சூட்டையும் பார்க்கிறது. பச்சையம் அதிகமாக இருக்கிற தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிர் அதிகம், அதைத் தின்ன சின்ன மீன், அதைத் தின்ன பெரிய மீன். சூடான தண்ணீரும் குளிர்ந்த தண்ணீரும் முட்டிக்கொள்ளும் ஓரத்தில் இந்தச் சாப்பாட்டுக் கூட்டம் சேரும். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் நிறுவனமான இன்காயிஸ் அந்த ஓரங்களை வரைந்து, எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை கி.மீ., அங்கே ஆழம் எவ்வளவு என்று இலவசமாக வெளியிடுகிறது.

வானம் மூடியிருந்தால் நிறமும் சூடும் தெரியாது, அன்றைக்குத் தகவல் வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்திலும் கிடையாது. ஏரி இறாலுக்கும் நண்டுக்கும் இதில் ஒன்றும் இல்லை, அதற்கு உங்கள் பாடும் (முறை வைத்து வலை போடும் இடம்) உங்கள் அனுபவமும்தான். ஃபைபர் படகில் போகிறவர்களுக்கு லாபம் டீசலில்தான், தேடி அலைகிற தூரம் குறைகிறது.

"புயல் பாபட்லாவுல கரையேறுச்சு. நமக்கு எதுக்கு அவ்ளோ மழை?"

மிக்ஜாம் பற்றிய கேள்வி, 2023 டிசம்பர். படத்தில் போட்டிருக்கும் புள்ளியை மட்டும் பார்ப்பதால் வருகிற குழப்பம். புயல் என்பது புள்ளி இல்லை, சில நூறு கி.மீ. அகலமுள்ள மேகக்கூட்டம். டிசம்பர் 3, 4 தேதிகளில் அது சென்னைக்கும் நெல்லூருக்கும் எதிரே கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்தது. மழை நிறைந்த மேகம் மணிக்கணக்கில் நம் மேலேயே இருந்தது. 5-ம் தேதி பாபட்லா அருகே கரையேறியபோது நமக்கு வர வேண்டியதெல்லாம் வந்து முடிந்திருந்தது.

கரையேறும் இடத்தைவிட நகரும் வேகத்தைக் கேளுங்கள். வேகமாக ஓடுகிற புயல் காற்றால் அடிக்கும், நகராமல் நிற்கிற புயல் தண்ணீரால் அடிக்கும்.

"மழை ஆந்திராவுல, வெள்ளம் நமக்கு. இதை மேலருந்து பாத்து முன்னாடியே சொல்ல முடியாதா?"

ஆரணியாற்றுக்காரர்கள் எல்லோரும் கேட்பது. பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஊத்துக்கோட்டை தரைப்பாலம் முழுகி, பொன்னேரி வழியாகத் தண்ணீர் நம் ஏரிக்கு வந்து சேரும். அதனால் மழைக்காலத்தில் நம் ஊர் படத்தைவிட நாகலாபுரம் மலைப்பக்கத்துப் படம்தான் நமக்கு முக்கியம். அங்கே கெட்டி மேகம் இரவு முழுக்க நகராமல் நின்றால் எச்சரிக்கையாக இருக்கலாம். ஆனால் எத்தனை செ.மீ. என்று செயற்கைக்கோள் சொல்வது மதிப்பீடுதான். தரையில் இருக்கும் மழைமானியும் அணையின் நீர்வரத்தும்தான் கடைசிப் பேச்சு. ஆள் இல்லாத இடங்களில் நிற்கும் தானியங்கி மானிகள் தங்கள் அளவை இன்சாட் வழியாகத்தான் அனுப்புகின்றன என்பது வேறு விஷயம்.

வெள்ளம் வந்த பிறகு எது முழுகியிருக்கிறது என்று பார்க்க ரேடார் செயற்கைக்கோள்கள் உண்டு. மேகமும் இருட்டும் அவற்றுக்கு ஒரு தடையே இல்லை. 2022 பிப்ரவரியில் போன ஈ.ஓ.எஸ்.-04 அந்த ரகம். 2025 ஜூலை 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தது. 12 மீட்டர் அகலத்துக்குக் குடை மாதிரி விரியும் ஆன்டெனா, 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்குத் திரும்பி வரும். மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்றுகூடச் சொல்லும். மண் ஏற்கெனவே ஊறியிருந்தால் அடுத்த மழை அப்படியே ஆற்றுக்குத்தான் போகும், ஆகவே அது வெள்ளக் கணக்குக்கும் உதவும். அன்றாட எச்சரிக்கைக்கு 12 நாள் இடைவெளி போதாது.

"மின்னல் வரப்போவுதுன்னு இதுல தெரியுமா?"

நம் இன்சாட்டில் மின்னல் பார்க்கும் கருவி இல்லை. அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்கள் செயற்கைக்கோள்களில் வைத்திருக்கின்றன. இங்கே 'தாமினி' செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், அது தரையில் நிறுவிய கருவிகளை வைத்துச் சொல்கிறது.

"தடாவுல தெலுங்குல ஒண்ணு சொல்றாங்க, நமக்குத் தமிழ்ல வேற சொல்றாங்க. எதைக் கேக்கறது?"

படம் ஒன்றுதான், புயல் பற்றிய மூல அறிக்கையும் டெல்லியிலிருந்து வருகிற ஒன்றுதான். மாவட்ட எச்சரிக்கையைத் தமிழ்நாட்டுக்குச் சென்னையும் ஆந்திராவுக்கு அமராவதியும் பிரித்துக் கொடுக்கின்றன. நெல்லூர், திருப்பதி மாவட்டங்களுக்குச் சிவப்பு, திருவள்ளூருக்கு ஆரஞ்சு என்று வந்தால் முரண்பாடு என்று நினைக்காதீர்கள். எல்லையில் இருக்கிற ஆரம்பாக்கத்துக்காரர் இரண்டையும் பார்த்து, கடுமையானதை எடுத்துக்கொள்வது நல்லது. மழைக்கு செக்போஸ்ட் கிடையாது.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்ணையும் கவனியுங்கள். 1, 2 என்றால் ஆபத்து தூரக் கடலில். 3, 4 என்றால் துறைமுகத்துக்கே காற்று வரலாம். அதற்கு மேலே போனால் படகைக் கட்டுவதோடு நிற்காமல் மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள்.

"நடுக்கடல்ல மாட்டிக்கிட்டா இந்த சாட்டிலைட்டு காப்பாத்துமா?"

செய்தியைக் கொண்டுபோகும். இன்சாட்-3டிஎஸ்ஸில் படக்கருவி போக, ஆபத்து சமிக்ஞையைப் பிடித்து அனுப்பும் கருவியும் இருக்கிறது. மீனவர்களுக்கு இஸ்ரோ செய்த அவசரக் கருவியில் பொத்தானை அழுத்தினால் இடத்தோடு தகவல் பெங்களூரில் உள்ள மையத்துக்குப் போய், அங்கிருந்து கடலோரக் காவல்படைக்குப் போகும். அதன் புது வகையில் "கிடைத்தது" என்று பதிலும் வரும்.

செல்போன் டவர் பத்துப் பன்னிரண்டு கி.மீ.க்கு மேல் எடுக்காது. 2017-ல் ஒக்கி வந்தபோது கன்னியாகுமரிக்காரர்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், எச்சரிக்கை அவர்களைப் போய்ச் சேரவே இல்லை. செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் முயற்சிகள் வேகமெடுத்தது அதற்கப்புறம்தான். கரைக்குப் பக்கத்தில் என்றால் 1554, காவல்படை எண். போனில் பதிந்து வையுங்கள்.

"ராக்கெட்டு விட்டாலே மறுநாள் மழை வருது. அதுதானே மேகத்தைக் கிளப்புது?"

ஐப்பசி, கார்த்திகையில் ராக்கெட் விட்டாலும் மழை வரும், விடாவிட்டாலும் வரும். ராக்கெட் சில நிமிடத்தில் மேகத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அது விடுகிற புகை ஒரு பருவமழைக்கு முன்னால் ஊதுபத்தி மாதிரி. இன்னொரு கட்சி, "ராக்கெட் விட்டதால மழை ஓடிப்போச்சு" என்கிறது. இரண்டு கட்சியும் ஒரே டீக்கடையில்தான் உட்காருகிறார்கள்.

"ஏஐ வந்தாச்சு, அதுவே எல்லாம் சொல்லிடுமாமே. இனிமே சாட்டிலைட்டு எதுக்கு?"

ஏஐ முன்னறிவிப்பு உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. ஐரோப்பிய வானிலை மையம் 2025 பிப்ரவரியிலிருந்து தன் ஏஐ மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்கே கொண்டு வந்துவிட்டது. ஆனால் அது படித்ததெல்லாம் பல பத்தாண்டுகளாகச் சேர்த்த அளவுகளை. இன்று கணக்குப் போடவும் இன்றைய நிலவரம் வேண்டும். கடல் நடுவே அதைக் கொடுக்கப் பெரும்பாலும் செயற்கைக்கோள்தான் இருக்கிறது. இந்தியாவும் 2025 மே மாதம் 6 கி.மீ. கட்டத்தில் கணக்கிடும் 'பாரத்' முன்னறிவிப்பு முறையைத் தொடங்கியது. முன்பு 12 கி.மீ. அதற்கும் சாப்பாடு இதே அளவுகள்தான்.

"இவ்ளோ இருந்தும் ஏன் தப்பாவுது?"

பார்ப்பது வேறு, அடுத்து நடப்பதைச் சொல்வது வேறு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சலை எல்லாச் செயற்கைக்கோளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. புயலாகுமா ஆகாதா என்பதே மாறி மாறி வந்தது. 30-ம் தேதி புதுச்சேரி அருகே கரையேறியது, ஏறிய பிறகு நகராமல் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. புயலைத் தள்ளுகிற மேல்காற்று பலவீனமாக இருந்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்வது கஷ்டம்.

"இதையெல்லாம் பாக்கக் காசு கேக்குமா?"

கேட்காது. வானிலை மையத்தின் தளத்தில் செயற்கைக்கோள் பகுதி, அகமதாபாத்தில் இஸ்ரோ நடத்தும் 'மோஸ்டாக்' தளம், இரண்டும் இலவசம். டேட்டா மட்டும் கொஞ்சம் தின்னும், வரிசையாக ஓடுகிற படம் என்றால் இன்னும் கொஞ்சம். கடைக்கு வந்து என் கம்ப்யூட்டரில் பார்த்தாலும் காசு வாங்குவதில்லை. கரண்ட் போய்விட்டால் என்னைக் கேட்காதீர்கள்.